நகரைச் சீர்தூக்குவது யாங்ஙனம்?

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கும், நகரங்களின் பொருளாதாரப் போட்டித்திறனை அளக்கும் கலைக்கும் யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவுதல் கூடும். வினவுவது நேரிதே. பொருளாதாரத்தில் வல்ல நண்பர் பலர் இக்கல்லூரியில் இருக்க, நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் சுமந்து திரியும் யாம் இத்துறையிற் கால் வைப்பது சற்றே துணிவுதான். எம்மை இதில் இழுத்துவிட்டவை இரண்டு: ஒன்று ஒரு சொல், மற்றொன்று ஒரு கடை.

சொல்லை முதலிற் கூறுவாம். இந்திய அரசினர் 2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்திற்கு நம் மாநிலத்தார் இட்ட பெயர் ‘சீர்மிகு நகரம்’ என்பது. பெயரிட்டவர் யாவரோ அறியோம். எவராயினும் அவர் தமிழறிந்தவரே. சீர் என்பது செல்வம். சீர் என்பது சிறப்பு. தாய்வீட்டார் மகளுக்குக் கொண்டுசெல்லும் வரிசையும் சீர். யாப்பில் அசைகள் கூடி அமைவது சீர். இவற்றோடு ஒழியாது, நிறுத்து எடைபார்த்தலைச் ‘சீர்தூக்கல்’ என்றும் நம் முன்னோர் வழங்கினர். நகருக்குச் சீர்மிகு என்று பெயரிட்டவர் சிறப்பையே கருதியிருப்பர். ஆனால் பெயரிட்ட சில ஆண்டுகளுக்குள் அந்நகரங்களைத் தராசில் ஏற்றி ஒன்றோடொன்று நிறுக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. சொல் தன் பொருளைத் தானே தேடிக்கொண்டது போலும்.

நிற்க. கடையைப் பற்றி இனிச் சொல்லவேண்டும்.

எம் தந்தையார் தென்பாண்டி நாட்டு நகரொன்றிற் பேருந்து நிலையத்திற் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். அகலம் ஆறடி, நீளம் எட்டடி. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, சுக்கும் ஏலமும் இட்ட சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு, இவற்றைப் பொதிந்து கொடுக்கப் பனையோலைக் கொட்டான்கள், இவ்வளவே சரக்கு. எம் பாட்டனார் காலம் முதல் நடந்துவந்த கடை அது. பேருந்து புறப்பட இரண்டு நிமிடம் இருக்கையில் ஓடிவந்து அரைக்கிலோ கேட்பவருக்கு எடை குறையாமலும் பேருந்து தவறாமலும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் எம் தந்தையாருக்கு நிகர் அந்நிலையத்தில் வேறொருவர் இலர். பள்ளி விட்டு வந்து அங்கே ஒரு மரப்பெட்டியின்மேல் அமர்ந்துதான் யாம் எழுத்துக் கூட்டிப் படித்தோம். பேருந்துகளின் நெற்றிப்பலகைகளே எமது முதற் பாடபுத்தகம்.

திட்டத்திற்கு நாடெங்கும் 100 நகரங்கள் 2016 முதல் 2018 வரை நான்கு சுற்றுப் போட்டிகளில் தெரிந்தெடுக்கப்பட்டன. நம் மாநிலத்தில் 11 நகரங்கள்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், வேலூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு. நகரொன்றுக்கு மத்திய அரசு ஐந்தாண்டில் 500 கோடி ரூபாய் தருவதாக இருந்தது. அதற்கு இணையான தொகையை மாநிலமும் நகரமும் சேர்க்கவேண்டியிருந்தது. திட்டத்தின் வழிகாட்டுக் குறிப்பை யாம் படித்தபோது ஓரிடத்தில் வியந்து நின்றோம். சீர்மிகு நகரம் என்பதற்கு எங்கும் ஏற்கப்பட்ட இலக்கணம் ஏதும் இல்லை என்று அக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. இலக்கணம் பயில்வோர்க்கு இது பெரிய செய்தி. இலக்கணம் இல்லாததொன்றை இலக்கமிட்டு அளக்கத் துணிந்திருக்கின்றனர்!

எம் ஊரிலும் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. கடைக்காரர் எல்லாரும் ஊருக்குப் புறத்தே ஒரு தற்காலிக நிலையத்தின் தகரக் கொட்டகைக்கு மாறினர். வேலை ஈராண்டில் முடியும் என்றனர், முடியவில்லை. தொற்றுநோய் வந்தது, பேருந்துகளே நின்றன. கருப்பட்டி கெட்டுப்போகும் பொருளன்று எனினும், மழை ஈரம் பட்டால் இளகும். கொட்டகையின் தரையில் இளகி ஓடிய கருப்பட்டிப் பாகினை எம் அன்னையார் வாய் பேசாமல் துடைத்தெடுத்ததை யாம் கண்டோம். அவ்வாண்டில்தான் எம் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்குச் சென்றார். யாம் தொடர்ந்து படித்தோம். எதனால் படித்தோம் என்பது இம்மலரின் வாசகர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

அக்கொட்டகைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொற்றுக்குச் சில வாரங்கள் முன்னர், கையில் ஒரு சிறு கருவியோடு இளைஞர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். ஊரில் வாழ்வு எளிதாக உள்ளதா, குடிநீர் வருகிறதா, வேலை கிடைக்கிறதா, ஊர் பாதுகாப்பானதா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். எம் தந்தையார் ஒவ்வொன்றுக்கும், “நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு” என்றே விடை பகர்ந்தார். அவர் சென்ற பின், அண்ணன் சினந்து, “ஏன்பா பொய் சொன்னீங்க?” என்றார். தந்தையார் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, “வெளியாள் கிட்ட நம்ம ஊர நாமளே தாழ்த்திப் பேசவா?” என்றார். அவ்வளவில் அப்பேச்சு முடிந்தது. யாம் அப்பொழுது சிறுபிள்ளை, இதனைப் பொருட்படுத்தவில்லை.

கல்லூரிக்கு வந்தபின் ஒருநாள் நூலகத்தில், ‘வாழ்வெளிமைக் குறியீடு 2020’ என்னும் அரசினர் அறிக்கை எம் கண்ணிற்பட்டது. 2021 மார்ச்சில் வெளியானது. 111 நகரங்களை நிறுத்துப் பார்த்த அறிக்கை அது. மொத்த எடை நூறு. அதில் வாழ்க்கைத் தரத்துக்கு 35, நீடித்து நிற்கும் தன்மைக்கு 20, பொருளாதார ஆற்றலுக்கு 15, குடிமக்கள் கருத்துக்கு 30. முப்பத்திரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி முதல் மார்ச் வரை கருத்துரைத்தனர் என்று படித்தவுடன், தகரக் கொட்டகையும் அவ்விளைஞரும் எம் நினைவில் எழுந்தனர். ஊரால் இழப்புற்ற ஒருவர் ஊர்மேல் வைத்த பற்றினால் அளித்த புகழ்மொழியும் அந்த முப்பதில் எங்கோ ஒரு துளியாகக் கலந்திருத்தல் கூடும். அவர் பொருளாதாரத்தில் இழந்தது எந்த வரியில் ஏறியது? அதைத் தேடவே யாம் இத்துறையில் இறங்கினோம்.

முதற்கண் அறிந்தது, தராசே நிலையாக இல்லை என்பது. இதே குறியீட்டின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிற் பொருளாதாரத்துக்கு அளித்த எடை நூற்றில் 5 மட்டுமே. சாலை, நீர், வீடு முதலிய புறக்கட்டுக்கு 45. ஈராண்டில் ஐந்து பதினைந்தாயிற்று, பிரிவுகளும் மாறின, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுடைய நகரங்களை ஒரு வரிசையிலும் ஏனையவற்றை வேறொரு வரிசையிலும் நிறுத்தினர். விளைவு யாதெனின், 2018-இல் 58-ஆம் இடத்திற் கிடந்த பெங்களூர் 2020-இல் பெருநகர் வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. சென்னை 14-இலிருந்து 4-க்கு வந்தது. அவ்வூர்கள் ஈராண்டில் அத்துணை மாறிவிடவில்லை என்பது அங்குப் போய்வந்த எவர்க்கும் தெரியும். மாறியது படிக்கல். எம் தந்தையாரின் கடையில் இங்ஙனம் படிக்கல்லை மாற்றி நிறுத்தால், எடை முத்திரை பார்க்க வரும் அதிகாரி சும்மா விடுவாரா?

இதனை எம் பொருளாதார நண்பரிடம் கூறியபோது அவர் நகைத்தார். “படிக்கல்லை மாற்றியது குற்றமன்று, முதற்கல் பிழையென்று கண்டு திருத்தினர், பொருளாதாரமின்றி நகர் ஏது?” என்றார். அதுவும் ஒருவாறு உண்மையே. அவரே எமக்குப் போட்டித்திறன் என்னும் கொள்கையின் வரலாற்றையும் எடுத்துரைத்தார். மைக்கேல் போர்ட்டர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் வெளியிட்ட நூலொன்றில், நாடுகளின் மேன்மை அவற்றின் உழைப்பும் முதலும் எத்துணைப் பயன் விளைக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றும், ஓரிடத்தில் ஒருவகைத் தொழில்கள் கொத்தாகத் திரண்டு வளர்வதே அதன் வேர் என்றும் நாட்டினார். 1994-இல் பால் குரூக்மன் என்பார் இதற்கு மாறாக, நாடுகளை வணிகக் கம்பெனிகள் போல எண்ணிப் போட்டியிடச் சொல்வது அபாயமான மயக்கம் என்று எழுதினார். கம்பெனி தோற்றால் கடையை மூடும். நாடு மூடிவிட முடியாது. அன்றியும் ஒரு நாடு வளர்ந்தால் மற்றொன்று தேயவேண்டும் என்ற விதியும் இல்லை என்பது அவர் வாதம். எமக்குக் குரூக்மனார் கூற்றே உவப்பாயிற்று. நண்பருக்குப் போர்ட்டரே தெய்வம். ஆனால் நகரம் நாடுமன்று, கம்பெனியுமன்று. நாட்டினின்று மக்கள் வெளியேற எல்லைக் காவல் உண்டு. நகரினின்று வெளியேற ஒரு பேருந்துச் சீட்டுப் போதும். எம் அண்ணன் வெளியேறினார் அன்றோ?

போர்ட்டர் வழிவந்தோர் தொழில்களை இருவகையாகப் பிரிப்பர். தம் ஊருக்கு வெளியே விற்கத்தக்கவற்றை ஆக்கும் தொழில்கள் ஒருவகை. அந்தந்த ஊரார்க்கே பயன்படும் முடிதிருத்தகம், மளிகை, சில்லறைக்கடை போல்வன மற்றொரு வகை. நகரின் போட்டித்திறனைக் காட்டுவது முன்னதே என்பது அவர்கள் துணிபு. 2020-ஆம் ஆண்டு அறிக்கையும் இவ்வெளியூர்த் தொழில்களின் கொத்துகளையே தேடிச் சென்றது; கடன் கிடைக்கும் நிலைமையையும் கணக்கில் எடுத்தது. இம்முறையில் திருப்பூர் பெரிதும் விளங்கும் நகர். அங்குத் தைக்கும் பின்னலாடை கடல் கடந்து செல்கின்றது. அங்கு ஒரு விளக்கின்கீழ் நின்று துணியில் குறை பார்க்கும் எம் அண்ணனும் அந்நகரின் ஆற்றலில் ஒரு பங்கு. அவரை இழந்த எம் ஊரின் கணக்கில் அதனால் ஒரு கழித்தற்குறியும் விழவில்லை. கருப்பட்டிக்கடையோ சில்லறைக்கடை, ஆகவே உள்ளூர் வகை, ஆகவே போட்டித்திறனுக்குப் புறம்பு.

ஈண்டுத்தான் எமக்கு ஐயம் பிறந்தது. பேருந்து நிலையத்துக் கருப்பட்டிக் கடையில் வாங்குவோர் உள்ளூராரா? உள்ளூரார் சந்தைக்குப் போவார்களே!

நிற்க, அளவையில் வகுக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல் கூறாது செல்லல் தகாது. தலைக்கு இவ்வளவு என்று எதனைச் சொல்ல வேண்டுமாயினும் தலைகளை எண்ணியிருக்க வேண்டும். நம் நாட்டில் இறுதியாக முடிந்த மக்கட் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டினது. 2021-இல் நிகழவேண்டியது தொற்றினால் தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து நகர்க் கணக்குகளெல்லாம் அம்முதிய எண்ணிக்கையை நீட்டி மதித்தவையே. அன்றியும் நாட்டுக்கும் மாநிலத்துக்கும் உள்நாட்டு உற்பத்தி கணக்கிடுவது போல, நகருக்கென்று தனியே கணக்கிடும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை. எண்ணுதல் எளிதென்று எண்ணுவோர்க்குத் தாவீது அரசனின் குடிமதிப்பை நினைவூட்டுவோம். யோவாப் ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடு சுற்றி எண்ணிவந்தான். சாமுவேலின் இரண்டாம் ஆகமம் அத்தொகையை இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்கின்றது. நாளாகமத்தின் முதற் புத்தகமோ அதே எண்ணிக்கையை 11 லட்சம் என்றும் 4 லட்சத்து 70 ஆயிரம் என்றும் கூறுகின்றது. அறிஞர் இதற்கு அமைதி பல கூறுவர். யாம் சொல்லவந்தது, ஒரே எண்ணிக்கை இரண்டு ஏட்டில் இரண்டாக நிற்பது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லையன்று என்பதே.

மேனாட்டார் அளவையும் ஒன்று உளது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஐ.எம்.டி. என்னும் நிறுவனம் 2019 முதல் உலகின் சீர்மிகு நகரங்களை வரிசைப்படுத்துகின்றது. முதல் மூன்று பதிப்பிலும் சிங்கப்பூர் முன்னின்றது. 2023, 2024, 2025 ஆகிய மூன்றிலும் சூரிச் முன்னின்றது. தொடக்கத்தில் நகர் ஒன்றுக்கு 120 பேரிடம் கேட்டு இதனை வகுத்தனர். நல்ல கேள்விகளே, ஆயினும் கோடிக்கணக்கானோர் வாழும் மும்பைக்கும் நூற்றிருபது பேர், சில லட்சம் பேர் வாழும் சூரிச்சுக்கும் நூற்றிருபது பேர். அந்நூற்றிருபதில் எம் தந்தையார் போல்வார் பத்துப்பேர் இருந்துவிட்டால் மும்பை எங்கு நிற்கும்!

நகரை அளக்கும் வேட்கை நம்மவர்க்கும் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டுமிடத்து, மாளிகையின் உயரத்தை அவர் அளக்கவில்லை என்று சொல்லமாட்டோம், உயரமும் பாடினார், ஆனால் அவர் விரித்துரைப்பது அங்கே வந்து குவிந்த பண்டங்களையும், புலி முத்திரையிட்டு அவற்றைப் போக்கும் சுங்கத்தாரையும், கொள்வதிலும் கொடுப்பதிலும் நேர்மை வழுவாத வணிகரையும். கடல் வழிக் குதிரை, மிளகு மூட்டை, குணகடல் துகிர், தென்கடல் முத்து, ஈழத்து உணவு என்று எந்தப் பொருள் எந்தத் திசையினின்று வந்தது என அவர் வரிசைப்படுத்துவதை வகுப்பிற் படித்தபோது, இது போர்ட்டரின் வெளியூர்த் தொழிற்கணக்கே என்று எமக்குத் தோன்றியது. எம் ஆசிரியரிடம் இதனைக் கூறினோம். அவர் புன்முறுவல் பூத்து, “தேர்வில் எழுதிவிடாதே” என்றார்.

புதிய பேருந்து நிலையம் ஒருவழியாகத் திறக்கப்பட்டது. அதனைப் பழிப்பது நன்றியின்மை. பளிச்சென்ற விளக்குகள், மழையில் நனையாமல் ஏறும் மேடைகள், மூடுதிறப்புள்ள பெண்டிர் கழிப்பறைகள். பழைய நிலையத்திற் பெண்கள் பட்ட பாட்டை அறிந்த எம் அன்னையார், “இதுக்காகவே இன்னொரு தரம் இடிச்சாலும் தகும்” என்றார். கொட்டகைத் தரையைத் துடைத்த அதே அன்னையார். எம் மனம் அவ்வளவு விரிந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. முன்வைப்புத் தொகையும் வாடகையும் பழையதைப் போலப் பன்மடங்கு. எம் தந்தையார் ஏலத்திற்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்திருந்து, ஒருமுறையும் வாய் திறவாமல் திரும்பிவந்தார். பின்னர்ச் செல்பேசிக்கு உறையும் கம்பியும் விற்கும் இளைஞர் ஒருவர் தம் கடையிற் பாதியை விட்டுக்கொடுத்தார். இப்பொழுது ஒரே கடையில் இடப்பக்கம் செல்பேசி உறைகள், வலப்பக்கம் கருப்பட்டிக் கொட்டான்கள். பணம் வாங்கக் கட்டம் கட்டமாக அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒன்று சுவரில் இருக்கின்றது. பணம் வந்தவுடன் ஒரு சிறு பெட்டி தொகையை உரக்கக் கூறுகின்றது. திட்டமோ 2025 மார்ச் 31-இல் முடிவுற்றது. நாடெங்கும் ஏறத்தாழ 8,000 வேலைகள், 1.6 லட்சம் கோடி ரூபாய் அளவில். எம் தந்தையார் ஒருநாள், “நம்ம ஊரு எத்தனாவது?” என்று கேட்டார். யாம் இடத்தைச் சொன்னோம். “பரவாயில்லையே!” என்று மகிழ்ந்தவர், சிறிது பொறுத்து, “நம்ம கடைய எதுல சேத்திருக்கு?” என்றார். யாம் விடை கூறாது தேநீர் வாங்கச் சென்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் அவ்வினாவுக்கு எம்மாலான விடை காண முயன்றோம். ஏழு நாட்கள் கடையின் ஓரத்திற் குறிப்பேட்டுடன் அமர்ந்து, கருப்பட்டி வாங்கும் ஒவ்வொருவரிடமும், “எவ்வூருக்குச் செல்கின்றீர்?” என்று கேட்டு எழுதினோம். வாடிக்கையாளரைத் தொல்லைப்படுத்துகிறோம் என்று முதல் நாள் தந்தையார் முகம் சுளித்தார். இரண்டாம் நாள் அவரே கேட்கத் தொடங்கினார். சென்னை, கோவை, பெங்களூர், ஓசூர், திருவனந்தபுரம் என்று பக்கம் நிரம்பியது. மகப்பேற்றுக்குச் சென்றிருக்கும் மகளுக்குப் பனங்கற்கண்டு கொண்டுசெல்லும் ஓர் அன்னை. துபாய்க்கு மறுநாள் விமானம் ஏறவிருந்த ஓர் இளைஞர், எட்டுக் கொட்டான். திருப்பூருக்கு மூவர். உள்ளூரார் மிகச் சிலரே. பாதிக்கடையாயினும் அது வெளியூருக்கு விற்கும் கடைதான். இலக்கண நூலார் கூறுவதுபோல், உருவம் ஒன்றாய்ப் பொருள் வேறாய் நிற்கும் சொல் அது.

ஏட்டை நண்பரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். ஏழு நாள் கணக்கை வைத்து எதையும் நாட்ட முடியாது என்றார். பின்பு, மற்றக் கடைகளையும் இவ்வாறே எழுதிப் பார்த்தால் என்ன என்றும் கேட்டார். வரும் விடுமுறையில் அவரும் எம்முடன் வருவதாக இருக்கின்றது.

ஏழாம் நாள் இரவு கடையடைக்கும் வேளையில் தந்தையார் அவ்வேட்டை வாங்கி, கண்ணாடி அணிந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. “சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நின்ன பாட்டிக்கு அரைக்கிலோ கடனாக் குடுத்தேனே, அத விட்டுட்டியே மக்கா. எழுது” என்றார்.